திரும்பிப் பார்க்கும் தறி

பாரிட் செனாங்கில் தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பசார் தெருவில் சாகுல் ஹமீது தேத்தண்ணீரை ஆற்றக் குவளையைத் தலைக்கு மேல் தூக்கியபோது, அவர் கடையின் பின்கட்டில் யாரோ உட்கார்ந்து நெய்கிற மாதிரி டக்கடக் டக்கடக் என்று கேட்டது, அதே நேரம் ஆற்றோர மலாய்க் கம்பத்தின் வீட்டு வாசல்களில் வலை காயப்போட்டவர்களுக்கு வலைக்கு அந்தப் பக்கம் கேட்டது, சீன மருந்துக் கடையில் இழுப்பறைகளுக்குப் பின்னால் கேட்டது, மாரியம்மன் கோயில் குருக்களுக்கு மடப்பள்ளிச் சுவரை ஒட்டிக் கேட்டது, பள்ளிவாசலில் பாய் விரித்துக்கொண்டிருந்தவருக்குத் தூணுக்குப் பின்னால் கேட்டது. எல்லாருக்கும் ஒரே அளவு, அடுத்த அறையில் கேட்கிற அளவு. தறிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கூடுதலாகவும் கேட்கவில்லை, ஊர்க்கோடியில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருந்தவர்களுக்குக் குறைவாகவும் கேட்கவில்லை. ஊருக்கு வெளியே ஆற்றுப்பாலத்தின் நடுவுக்குப் போனால் கத்தரித்தது போல் நின்றது, திரும்பி ஒரு எட்டு வைத்தால் மறுபடி கேட்டது.

மலாய் மொழியில் பாரிட் என்றால் கால்வாய், செனாங் என்றால் நிம்மதி. கால்வாய் வெட்டிக் குடியேறியவர்கள் ஆசையாக வைத்த பெயர். அன்றிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லும்போதே ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரத் தொடங்கியது.

சத்தம் கேட்காதவர்கள் ஊரில் கொஞ்சம் பேர்தான். அவர்களில் ஒருத்தி திலகமணி. அந்த நேரத்தில் நெய்துகொண்டிருந்தவளே அவள்தான்.

திலகமணிக்குச் சென்னிமலை. நாலு வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது. வீட்டில் எல்லாரும் படுக்கை விரிப்பு நெய்கிறவர்கள், அதனால் கை மட்டும் சும்மா இருக்கவில்லை. ஈரோட்டில் காது கேளாதோர் பள்ளியில் தறி சொல்லிக்கொடுத்தாள், பிறகு ஐதராபாத் போனாள், அங்கிருந்து பாண்டிச்சேரி, எங்கேயும் ஒரு வேலை படிகிற நேரத்தில் பையைக் கட்டிவிடுவாள். இவளுக்குக் கால் தரிக்காது என்று அவள் அண்ணன் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லியே கல்யாணப் பேச்சுகளை முறித்துவிட்டிருந்தான். மலேசியாவில் உடல் ஊனமுற்றவர்களுக்குக் கைத்தறி சொல்லித்தர ஆள் வேண்டும் என்று கேட்டபோது, எந்த ஊர், எப்படிப்பட்ட ஊர் என்று விசாரிக்காமலே சம்மதித்தாள்.

கூப்பிட்டவள் ஜெசிந்தா. கோலாலம்பூரில் பெரிய ஓட்டல்களில் வேலை பார்த்துவிட்டு, போதும் என்று சொந்த ஊருக்கு வந்து, மூடிக் கிடந்த சினிமாக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து 'ருமா தங்கான்' என்று பலகை மாட்டியிருந்தாள். கைகளின் வீடு என்று அர்த்தம். அங்கே நெய்கிற துணி ஓட்டல் மேசைகளுக்கும் கட்டில்களுக்கும் போகும், வருகிற வருமானம் நெய்தவர்களுக்கே போகும். நல்ல மனசுக்காரி, எதையும் அழகாக அடுக்கிவைக்கத் தெரிந்தவள், அடுக்கியதைக் கலைத்தால் மட்டும் பொறுக்காது.

கற்றுக்கொள்ள வந்தவர்களில் சியூ லான் பிறவியிலேயே காது கேளாதவள், மீ நூடுல்ஸ் கடைக்காரரின் தங்கை, திலகமணியின் வயதுதான். திலகமணியின் சைகை வேறு, சியூ லானின் சைகை வேறு. 'தண்ணீர்' என்று இவள் காட்டினால் அவளுக்கு அது 'மாமியார்' என்று தெரிந்தது. முதல் மாதம் முழுக்க இருவரும் சிரித்தே கழித்தார்கள். ஹாஷிமுக்கு இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே இல்லை. தறிக்கு மிதிகட்டை முக்கியம், கால் இல்லாமல் எப்படி என்று ஜெசிந்தா கேட்டாள். திலகமணி மிதிகட்டைகளைக் கழற்றிவிட்டுக் கயிறுகளை மேலே ஏற்றி, ஹாஷிமின் முழங்கைக்கு எட்டுகிற இடத்தில் இரண்டு மரப்பிடிகள் வைத்துக் கட்டினாள். கட்டியது முதலில் சரியாக வரவில்லை, நெடுக்கே ஓடுகிற பாவு நூல் கட்டுக்கட்டாக அறுந்தது, ஹாஷிம் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் வரவேயில்லை. அவன் வீட்டுக்கே போய் வாசலில் நின்று, கயிற்றை எந்த இடத்தில் மாற்றியிருக்கிறேன் என்று காற்றில் வரைந்து காட்டிக் கூட்டி வந்தாள். அவள் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. அவர்களுடைய கையின் மேல் தன் கையை வைத்து நெய்வாள், ஒரு நாள் கையை எடுத்துவிடுவாள்.

அருணகிரி லாரி ஓட்டியவன். சர்க்கரை நோய் கண்ணைக் கொண்டுபோன பிறகு மூன்று வருடம் வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டு இருந்தவனை அவன் அக்காள் கொண்டுவந்து விட்டாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போடும் நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவது அவன் வேலை. கண் தெரியாதவனும் காது கேட்காதவளும் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தபோதே, ஒரு நாள் நூல் தீர்ந்துவிட்டதைச் சொல்ல அவன் அவளுடைய கையைத் தேடிப் பிடித்து உள்ளங்கையில் விரலால் 'நூல்' என்று எழுதினான். அவள் அவன் உள்ளங்கையில் 'வரும்' என்று எழுதினாள். அதற்குப் பிறகு பகலெல்லாம் எழுதிக்கொண்டார்கள். அவனுக்கு அவள் 'டீச்சர்'. மற்றவர்களுக்கும் அப்படித்தான் என்றாலும், அவன் எழுதும்போது 'ச்' மேல் புள்ளியைக் கொஞ்சம் அழுத்தி வைப்பான்.

தறிச் சத்தத்தை ஊர் முதலில் விசாரித்தது. நகராட்சியிலிருந்து வந்து தறிகளுக்குக் கீழே ரப்பர் விரிப்புப் போட்டார்கள். சுவரில் பஞ்சு அடித்தார்கள். சத்தம் அப்படியே இருந்தது. பள்ளிவாசலில் ஒரு பேச்சு, கோயிலில் ஒரு பேச்சு, சீனக் கோயிலில் குறி கேட்டார்கள். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வந்தது: நெய்கிற சத்தம்தானே, கெட்ட காரியத்தின் சத்தம் இல்லையே. அதற்குப் பிறகு யாரும் காரணம் கேட்கவில்லை, மழைக்கும் வெயிலுக்கும் பழகுவது போல் இதற்கும் பழகத் தொடங்கினார்கள். பிள்ளைகள் வாய்ப்பாட்டைத் தறியின் கணக்குக்குச் சொன்னார்கள். தேத்தண்ணீர் ஆற்றுகிற கைகள் தறியோடு ஏறி இறங்கின. கைக்குழந்தைகள் தறி ஓடும்போதுதான் தூங்கின, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் ஊர் முழுக்கக் குழந்தைகள் அழுதன. யாருடைய தறி எது என்றும் ஊருக்குத் தெரிந்துபோயிற்று. சியூ லானுடையது தகரக் கூரையில் மழை தணிகிற மாதிரி இருக்கும். ஹாஷிமுடையது நிதானமாக, கிழவர் மாடி ஏறுகிற மாதிரி. சியூ லானை அதுவரை ஏறிட்டுப் பார்க்காத மருந்துக் கடை முதலாளி, நேற்று உனக்குத் தலைவலியா, கை தளர்ந்து கேட்டதே என்று விசாரித்து ஒரு பொட்டலம் கொடுத்தார். அவர் என்ன கேட்டார் என்று அண்ணன் விளக்கியதும் சியூ லான் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.

திலகமணிக்கு இதெல்லாம் முகங்களாகத்தான் வந்து சேர்ந்தது. பசாரில் காய் வாங்கப் போனால் கூடைக்காரிகள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள், நிறுத்திவிட்டுத் தங்கள் தோளுக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள். உடையில் ஏதும் கிழிசலோ என்று அவள் தடவிப் பார்த்தாள். அருணகிரிதான் ஒரு மத்தியானம் அவள் கையைப் பிடித்து, சொல் சொல்லாக எழுதி, நடப்பதைச் சொன்னான்: நாம் நெய்வது ஊர் முழுக்கக் கேட்கிறது, ஒவ்வொருவர் கையும் தனித்தனியாகத் தெரிகிறது.

அவள் கையை உருவிக்கொண்டாள். நெய்வது அவளுக்கு எப்போதும் பூட்டிய அறையாக இருந்தது. உள்ளே அவள் கோபப்படுவாள், யாரையாவது திட்டுவாள், சிரிப்பாள், விட்டு வந்த ஊர்களை நினைப்பாள், அதெல்லாம் கை வழியாகப் போய்த் துணியில் சேர்ந்துவிடும், துணி யாரிடமும் ஒன்றும் சொல்லாது என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது அந்த அறைக்குச் சுவரே இருந்ததில்லை என்று தெரிந்தது. அன்று மாலை வரை அவள் நாடாவைத் தொடவில்லை. மறுநாள் தொட்டபோது குளிக்கும்போது யாரோ பார்ப்பது போலக் கூசியது.

ஊருக்கும் அவளுடைய தறிதான் ஒத்துவரவில்லை. மற்ற தறிகள் ஓடினால் ஊர் சாய்ந்து உட்கார்ந்தது. அவளுடையது ஓடினால் ஊர் எழுந்து நின்றது. வேகமாகப் போகும், போகும், திடீரென்று ஒரு இடத்தில் தடுக்கும், மறுபடி போகும். அந்தத் தடுக்கலில் கேட்பவர்களுக்கு முதுகு சில்லென்று, யாரோ பின்னால் நிற்கிற மாதிரி இருந்தது, தன்னையறியாமல் திரும்பிப் பார்த்தார்கள். முடி திருத்துகிறவர் திரும்பியதில் ஒருவருடைய காது நுனி கீறிவிட்டது. மோட்டார் சைக்கிளில் போனவர்கள் திரும்பிக் கால்வாயில் விழுந்தார்கள். ஒரு கல்யாணத்தில் மாலை மாற்றுகிற நேரம் மாப்பிள்ளை, பெண், குருக்கள், மேளக்காரர் எல்லாரும் ஒன்றாகத் திரும்பி வாசலைப் பார்த்தார்கள், வாசலில் யாரும் இல்லை, புகைப்படங்களில் எல்லாருடைய பின்னந்தலையும் விழுந்திருந்தது. பெண்ணின் தாயார் அதற்குப் பிறகு பல நாள் படுக்கையை விட்டு எழவில்லை. ஊர் முழுக்கக் கதவுகளுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டார்கள். போட்டும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜெசிந்தா கைபேசியில் தமிழில் எழுதித் திலகமணியிடம் காட்டினாள். எழுதியதை அழித்து அழித்து மிருதுவாக்கியிருந்தாள். நீங்கள் சொல்லிக்கொடுத்தால் போதும், நெய்ய வேண்டாம். மற்ற தறிகளின் சத்தத்தைக் கேட்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், ஓட்டல்காரர்கள் பதிவு செய்து கொண்டுபோகக் கேட்கிறார்கள், எல்லாருக்கும் இதனால் நல்லது. உங்கள் கை ஓய்வெடுக்கட்டும்.

சொல்லிக்கொடுப்பதே கையால்தான் என்று திலகமணி எழுதினாள். ஜெசிந்தா அதைப் படித்துவிட்டு அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அதுவும் பின்னாலிருந்து வந்து.

தறி நின்ற கைகள் அவளைப் படுத்தின. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், தலைப்பின் நூலைப் பிரித்துப் பிரித்து முடிந்தாள், கடைத்தெருவில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தாள். பையைக் கட்டி வைத்துவிட்டுப் பிரித்தாள், மறுபடி கட்டினாள். அதற்குள் ஊர்த்தலைவர் ஹாஜி ருஸ்லான் கூட்டத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அவளை ஊருக்கு அனுப்பிவிடலாமா என்று பேசுவதற்குத்தான்.

கூட்டத்துக்கு முந்தின நாள், தன் சத்தம் எப்படித்தான் இருக்கும் என்று அவள் அருணகிரியின் கையில் எழுதிக் கேட்டாள். அவன் அவளைத் திரும்பி உட்காரச் சொல்லி, முதுகில் விரல்களால் தட்டத் தொடங்கினான். முதலில் சியூ லானைத் தட்டினான், மெத்தென்று ஒரே சீராக. பிறகு ஹாஷிமைத் தட்டினான். பிறகு அவளை. அது ஓடுகிற ஒரு பிள்ளையின் காலடி போல இருந்தது, ஓடி ஓடி, சட்டென்று நின்று, மூச்சுப் பிடித்து, மறுபடி ஓடியது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் கூடவே இருந்த ஒருத்தியை முதல்முறை பார்ப்பது போல இருந்தது.

அவன் எழுதினான்: "நெய்யுங்க டீச்சர். நான் தோள்ல கை வச்சிருக்கேன். எங்க தடுக்குதுன்னு பார்க்கலாம்."

அவள் தறியில் உட்கார்ந்தாள். அவன் பின்னால் நின்று இரண்டு தோளிலும் கை வைத்தான். நாடா போனது, வந்தது, போனது. தடுக்கிய இடத்தில் அவன் கைக்குக் கீழே அவள் தோள் திரும்பியது, கழுத்து திரும்பியது. மறுபடி ஓடியது, மறுபடி திரும்பியது. அவன் கையை எடுத்து அவள் உள்ளங்கையைத் தேடினான்.

"ஒவ்வொரு தடவையும் வாசலைத் திரும்பிப் பார்க்கறீங்க."

அவள் அவனை வியப்பாகப் பார்த்தாள். பிறகு எழுதினாள்: "பார்க்காம? யார் வராங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில். திலகமணிக்கு வாய்கள் அசைவதும் கைகள் நீள்வதும் மட்டும் தெரிந்தது. கல்யாணப் பெண்ணின் தாயாரை இரண்டு பேர் தாங்கிக் கூட்டி வந்திருந்தார்கள். அந்த அம்மாள் பேசும்போதே இரண்டு முறை பின்னால் பார்த்தாள். ஜெசிந்தா எழுந்து ஏதோ சொல்லி உட்கார்ந்தாள். அப்போது திலகமணி அருணகிரியின் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போய், அவன் உள்ளங்கையைத் தூக்கிப் பிடித்து எழுதத் தொடங்கினாள். அவள் எழுத எழுத அவன் தமிழில் ஒரு தடவையும் மலாயில் ஒரு தடவையும் சொன்னான். மண்டபம் அமைதியாகிவிட்டது என்று அவளுக்கு முகங்களை வைத்துத் தெரிந்தது.

"நீங்க இந்த ரெண்டு மாசமாத் திரும்பிப் பார்க்கறீங்க. நான் நாலு வயசிலிருந்து பார்க்கறேன்."

பஸ் பின்னால் வரும், எனக்குத் தெரியாது. அண்ணன் பின்னால் வந்து கத்துவான், தெரியாது, அப்புறம் அடி விழும். வேலைக்குப் போன இடங்களில் பின்னால் வந்தவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள், கெட்டவர்களும் இருந்தார்கள், யார் எது என்று தோளில் கை விழுந்த பிறகுதான் தெரியும். எந்த ஊரிலும் நிலைக்காமல் போனதற்கும் வேறு பெரிய காரணம் இல்லை. முதுகுக்குப் பின்னால் கதவு இருந்தது, அவ்வளவுதான். இங்கேயும் என் தறி வாசலுக்கு முதுகு காட்டித்தான் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தறியைத் திருப்பிப் போடுங்கள். அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் போய்விடுகிறேன்.

இதைச் சொல்லி முடித்ததும் அருணகிரி, இது டீச்சர் எழுதியது, இனி நான் சொல்வது என்று சொல்லித் தன் பங்குக்கு ஒரு வாக்கியம் சேர்த்தான். என்ன சொன்னான் என்று அவள் கேட்டாள், அவன் எழுதவில்லை.

ஜெசிந்தாவுக்குத் தறிகளைத் திருப்புவதில் மனமில்லை. உள்ளே வருகிறவர்கள் கண்ணுக்கு முதலில் துணிதான் தெரிய வேண்டும், வண்ணம் வண்ணமாக விரிந்து கிடக்க வேண்டும் என்றுதான் அப்படிப் போட்டிருந்தாள். திருப்பினால் முதலில் ஆட்களின் முகம்தான் தெரியும். அதைச் சொல்லத் தொடங்கியவள், சொல்லும்போதே தன் காதில் விழுந்துவிட்டதாலோ என்னவோ, பாதியில் நிறுத்திக்கொண்டாள். மறுநாள் அவளே கடப்பாரையோடு முதலில் வந்து நின்றாள்.

ஊரில் பாதிப்பேர் வந்துவிட்டார்கள். திலகமணியின் தறியைத் திருப்பினால் போதும் என்றார் ஹாஜி ருஸ்லான். சியூ லான் குறுக்கே நின்று எல்லாத் தறியையும் காட்டினாள். தறிகளைத் தூக்கித் திருப்பி வைத்து, பாவைச் சரிபார்த்து முடிக்க மத்தியானமாகிவிட்டது. சத்தமில்லாத அந்தக் காலை முழுக்க ஊர் தவித்தது, குழந்தைகள் அழுதன, தேத்தண்ணீர் ஆற்றியவர்கள் கையில் கொட்டிக்கொண்டார்கள்.

திலகமணி உட்கார்ந்தாள். எதிரே வாசல், வாசல் முழுக்க ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் தெரு, தெருவில் ஒரு நாய். எல்லாம் தெரிந்தது. நெய்தாள். ஓடியது, ஓடியது, தடுக்காமல் ஓடியது. வாசலில் நின்றவர்கள் அந்தத் தடுக்கல் வரப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்கள், அது வரவில்லை, வராததைத் தாங்க முடியாமல் சிலர் தாங்களாகவே திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பழக்கம் ஊரை விட்டு உடனே போகவில்லை. தடுக்கல் நின்று வெகுநாள் கழித்தும் ஊர்க்காரர்கள் எதற்கோ திரும்பினார்கள். ஆனால் பின்னால் யாரோ நிற்பது எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் உடம்பிலேயே தெரிந்துவிட்டிருந்ததால், ஒருவரை ஒருவர் கூப்பிடச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார்கள். பசாரில் திலகமணியிடம் மிச்சக் காசைக் கொடுக்க மறந்த காய்க்காரி, அவளைக் கடந்து ஓடி, எதிரே வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

அருணகிரியின் காலில் புண் வந்தது அதற்குப் பிறகுதான். சர்க்கரைக் காலில் வருகிற புண். ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விரலோடு போகுமா, பாதத்தோடு போகுமா என்று அவன் அக்காளுக்குச் சொல்லத் தெரியவில்லை. திலகமணி யாரிடமும் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. புதிதாக வந்த இரண்டு பெண்களின் கை மேல் கை வைத்துச் சொல்லிக்கொடுத்தாள், தானே தார் சுற்றினாள், வழக்கம் போல நெய்தாள்.

வழக்கம் போல என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பசாருக்குப் போனபோது காய்க்காரி காசு வாங்காமல் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கூடையில் வைத்து, அவருக்குக் கொண்டுபோ என்று ஈப்போ திசையைக் காட்டினாள். மருந்துக் கடை முதலாளி புண்ணுக்கு ஒரு தைலம் கொடுத்தார். முடி திருத்துகிறவர் வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, ஏறு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சைகை காட்டினார். கல்யாணப் பெண்ணின் தாயார் எதிரே வந்து நின்று அவள் கன்னத்தைத் தொட்டுப் போனாள். திலகமணி கூடையோடு தெரு நடுவில் நின்றாள். முகம் எரிந்தது. அவளுக்கே தெரியாத ஒன்று ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது, வீட்டுக்கு வீடு சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கை அதைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அவள் வேனில் ஏறவில்லை. அறைக்குப் போய்ப் பையைக் கட்டினாள். பிறகு கட்டிய பையின் மேலேயே உட்கார்ந்து யோசித்தாள். பையைக் கட்டிலில் அப்படியே விட்டுவிட்டுத் தறிக்கூடத்துக்குத் திரும்பினாள். கேட்கட்டும் என்று நெய்தாள். அன்று ஊரில் அடுப்புகள் அணைந்து கிடந்தன என்றும், யாருக்கும் சமைக்கத் தோன்றவில்லை என்றும் பிறகு சியூ லானின் அண்ணன் சொன்னார்.

ஒரு விரலோடு போயிற்று. அருணகிரி கட்டுப் போட்ட காலோடு, அக்காளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். வாசலில் அவன் தெரிந்ததுமே திலகமணி நாடாவை விட்டுவிட்டாள். சியூ லான் நிறுத்தினாள், ஹாஷிம் நிறுத்தினான், ஊரில் சத்தம் நின்றது. அவன் முன்பக்கமாக வந்து, தறியைத் தடவி, அவள் கையைக் கண்டுபிடித்தான்.

"டீச்சர், பஸ்ஸ விட்டு இறங்கினதிலிருந்து வழி நெடுக ஊர்க்காரங்க சொல்லிட்டாங்க. நீங்க இன்னும் சொல்லல."

அவள் அவன் உள்ளங்கையை மடியில் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். வெளியே ஊர் காது கொடுத்துக்கொண்டு நின்றது, அடுப்பில் வைத்தது அடிப்பிடித்தது, குழந்தைகள் சிணுங்கின, தறி ஏன் ஓடவில்லை என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளங்கையில் எழுதுவதற்குச் சத்தம் கிடையாது. கை நிறைந்ததும் அவள் அவனுடைய சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு, மணிக்கட்டிலிருந்து மேற்கொண்டு எழுதினாள்.